ஐரோப்பாவில் கால் வைக்கும் முதல் நாள்: வடசென்னைத் தம்பதியரின் கேள்விகளுக்குப் பதில்கள்

பாரிமுனையில் உள்ள பயணச்சீட்டு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவள் நான். கணவரோடு நான்கு முறை ஐரோப்பா சென்று வந்திருக்கிறேன். முதன்முறையாகப் பாரிஸ் செல்லவிருக்கும் நம் பகுதித் தம்பதியர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

திருவொற்றியூர்: ஜூன் மாதத்தில் காலை 7 மணிக்குப் பாரிஸில் இறங்குகிறோம். அன்றே ஈபிள் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், மாலையில் படகு என்று வைத்திருக்கிறோம். முடியுமா, அம்மா?

தயவுசெய்து வேண்டாம். கோடையில் பாரிஸ் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை 6 மணி ஆகும்போது உங்கள் உடம்புக்கு இரவு ஒன்பதரை. அதுவும் விமானத்தில் சரியாகத் தூங்காத உடம்பு. பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். பெட்டியை மட்டும் வரவேற்பறையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் முதல் பயணத்தில், கோபுரத்துக்கு நேரம் குறித்த சீட்டை நானே முன்பதிவு செய்திருந்தேன். விமானம் தாமதம், அறையும் தயாராகவில்லை. என் கணவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே வரவேற்பறை நாற்காலியில் தூங்கிப்போனார். சீட்டு அவருடைய சட்டைப் பையிலேயே காலாவதியானது. முகம் தெரியாத ஊரில், தலை தொங்கத் தூங்கிய மனிதரை எழுப்பிக் கோபித்துக்கொண்டேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. ஆகவே, நேரம் குறித்த எந்தச் சீட்டையும் இரண்டாம் நாளுக்கு வாங்குங்கள். அந்த நாள் செவ்வாய்க்கிழமையாக இருந்தால் லூவ்ர் விடுமுறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, சேன் நதிக்கரையில் வெயில் படும்படி மெதுவாக நடந்தால் போதும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், இருட்டிய பிறகே மின்னும் கோபுர விளக்குகளுக்காக அன்று விழித்திருக்க வேண்டாம். பகலில் தூக்கம் தாங்கவில்லையென்றால் அரை மணி நேரம் மட்டும் படுத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு உறங்கச் செல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் மாறி பாரிஸ் போகிறோம். குடியேற்றச் சோதனை எங்கே நடக்கும்? ஆங்கிலத்தில் என்ன கேட்பார்களோ என்று என் மனைவிக்குப் பயமாக இருக்கிறது.

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதியில் நீங்கள் முதலில் இறங்கும் இடமான ஃபிராங்ஃபர்ட்டிலேயே சோதனை முடிந்துவிடும். அந்த வரிசை நீளமாக இருக்கும். எனவே இரண்டு விமானங்களுக்கும் இடையே குறைந்தது இரண்டரை மணி நேரமாவது இருக்கட்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கொண்டுவரப்பட்ட புதிய முறையின்படி, கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, முகத்தைப் படமெடுத்து, வருகையைக் கணினியில் பதிகிறார்கள். விசாவுக்காகக் கொடுத்த கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் சீட்டு இருக்கிறதா என்பவையே வழக்கமான கேள்விகள். விடுதிப் பதிவு, திரும்பும் சீட்டு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளை ஆளுக்கொரு தொகுப்பாக வைத்திருங்கள். எல்லாவற்றையும் கணவரின் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, மனைவி வெறுங்கையோடு நிற்கும்படி விடாதீர்கள். அவர் பயம் பாதி அதிலேயே போய்விடும்.

காசிமேடு: மாமியார் நெத்திலிக் கருவாடு, நெய், மாம்பழம், கறிவேப்பிலை எல்லாம் கட்டிக் கொடுக்கிறார். கொண்டுபோகலாமா, அக்கா?

வியப்பாக இருக்கும்: அவற்றுள் கருவாட்டுக்குத்தான் அனுமதி உண்டு. சொந்த உபயோகத்துக்காக மீன் வகைகளை ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இடம் தருகின்றன. நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களுக்கும் இறைச்சிக்கும் தடை. மாம்பழம், கறிவேப்பிலை போன்றவற்றைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் எடுத்துச்செல்ல முடியாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும், விடுதி அறையில் கருவாட்டை வறுக்க முடியாது, வாடையும் நிற்கும் என்பதால், மாமியாரிடம் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கேட்டு வாங்குங்கள். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். மூடியில் நெகிழித் தாள் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

பெரம்பூர்: என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நேர மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

கோடையில் போனால், அந்த ஒரு நாள் அவருக்கு மூன்றரை மணி நேரம் நீளும். அன்றைய ஊசி நேரத்தையும் அளவையும் உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். பிறர் சொல்வதைக் கேட்டு மாற்றாதீர்கள். மருந்து முழுவதும் மருந்துச் சீட்டோடு கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏனெனில் பெரிய பெட்டி வராமல் போகலாம்.

தண்டையார்பேட்டை: அப்படிப் பெட்டி வராவிட்டால்?

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் பெட்டிச் சேவை மேசையில் புகார் பதிந்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வாங்கும் துணிமணிகளின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கையில் கிடைத்த 21 நாட்களுக்குள் இழப்பீடு கோரலாம். இருவர் துணியையும் இரண்டு பெட்டிகளிலும் பாதிப்பாதியாக அடுக்கினால், ஒன்று தொலைந்தாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும்.

இராயபுரம்: ரொக்கமா, அட்டையா?

அட்டை. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவையுங்கள். கடையில் கருவி 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். சில்லறைச் செலவுக்கு நூறு, நூற்றைம்பது யூரோ போதும்.

வியாசர்பாடி: முதல் நாள் இரவே சோறு கிடைக்குமா? நாங்கள் சைவம்.

கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையத்தில் இறங்குங்கள். பயண அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும், வெளியேறும் கதவிலும் அது தேவைப்படும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் லா சப்பல். ஈழத்தமிழர் உழைத்து உருவாக்கிய கடைத்தெரு அது; பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கும், மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காய் இருக்கும். தோசைக்கும் சோற்றுக்கும் உணவகங்கள் பல உண்டு. சாம்பாரில் அசைவம் எதுவும் சேராதா என்று தமிழிலேயே கேட்டுவிட்டு உட்காருங்கள்.