தின்ன வந்தவன் வீட்டிலேயே குடித்தனம்

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாத இருமலுக்குப் பிறகு சளியைப் பரிசோதித்ததில் டி.பி. என்று வந்திருக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோது சித்தப்பாவுக்கு இருந்ததாம். அந்தக் கிருமியா இத்தனை வருடம் உடம்புக்குள் கிடந்தது, டாக்டர்?
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: கிடந்திருக்கலாம் அம்மா. சித்தப்பா கொடுத்ததுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். போன வருடம் பஸ்ஸில் பக்கத்தில் இருமியவர் கொடுத்ததாகவும் இருக்கலாம். ஆனால் பல பத்து வருடம் பதுங்கிக் கிடந்துவிட்டு எழுவது இந்தக் கிருமிக்குப் பழக்கம்தான்.

மூச்சோடு உள்ளே போன கிருமியை நுரையீரலில் மேக்ரோபேஜ் என்ற காவல் செல் விழுங்கி, ஒரு பைக்குள் அடைக்கும். அமிலமும் நொதியும் நிறைந்த இன்னொரு பை வந்து அதோடு ஒட்டிக்கொண்டால் கிருமியின் கதை முடிந்தது. டி.பி. கிருமி அந்த இரண்டையும் ஒட்டவிடாது. தின்ன வந்தவன் வீட்டிலேயே குடித்தனம்!

போதாததற்கு மேலே மெழுகுப் போர்வை. கல்லூரியில் நான் முதன்முதலில் போட்ட ஸ்லைடு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிவப்புச் சாயம் விட்டு, ஆவி வரும்வரை அடியில் சூடு காட்டி, பிறகு அமிலத்தால் கழுவ வேண்டும். மற்றதெல்லாம் வெளுத்துப்போகும். அடுத்து நீலச் சாயம். நீலத்துக்கு நடுவே, மெழுகுப் போர்வை காப்பாற்றிய இந்தக் குச்சி வடிவக் கிருமிகள் மட்டும் சிவப்பாகவே நிற்கும். (அன்று என் வெள்ளைக் கோட்டில் பட்ட கறையும் கடைசிவரை போகவில்லை.)

கொல்ல முடியாத கிருமியை உடம்பு சுற்றிலும் செல்களை அடுக்கிச் சிறை வைக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அந்தக் காவல் தளரும். மாமனாருக்கு அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாத்திரை ஏன் ஆறு மாதம் என்று அடுத்துக் கேட்பீர்கள். சில கிருமிகள் 20 நிமிடத்தில் இரண்டாகும்; இது சுமார் 20 மணி நேரம் எடுக்கும். அதிலும் சில கிட்டத்தட்ட தூங்கியே கிடக்கும், மருந்து சீக்கிரம் ஏறாது. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது. ரத்தம் என்று பயந்து மருந்தைக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் இந்த வாரமே. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம். காற்றில்தான் பரவுகிறது, அவர் அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.