படம் பார்த்தே கதை சொல்கிறாளே!

கேள்வி: இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கடகடவென்று வாசிக்கிறாள், ஆனால் என்ன படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறாள். படக்கதை கொடுத்தாலோ எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். என்ன செய்ய?

பதில்: கடகடவென்று வாசித்தாலும், கவனமெல்லாம் எழுத்தைச் சொல்வதிலேயே போய்விட்டால் பொருள் எங்கே நிற்கும்? பொருளைப் பிடிக்கப் படம் கைகொடுக்கும், அதனால் அதைப் பிடுங்காதீர்கள், வரிசையை மட்டும் மாற்றுங்கள். பாட்டி வடை சுட்ட கதை என்றால், முதலில் படத்தைத் தாளால் மூடிவிட்டு நரி வரும் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் அதை அவளையே வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும் (நாம் மட்டும் என்ன ஓவியர்களா!), வடை காக்காவின் வாயில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்பதிலேயே எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு தாளை எடுத்து ஒப்பிடட்டும். சரி, படத்தில் தெரியாததையும் கேளுங்கள்: நரி ஏன் பாடச் சொன்னது?