கேம் சென்சார் மாற்றியும் அணையாத விளக்கு

கேள்வி: என்னுடையது 2006-ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 1.8 பெட்ரோல். மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். போன மாதம் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி0011 என்று எரர் கோடு வருகிறது, கேம் சென்சார் போய்விட்டது என்றார்கள். சென்சாரும் கூலியும் சேர்த்து 4,200 ரூபாய் கொடுத்தேன். ஆறாம் நாள் விளக்கு மறுபடி எரிகிறது. இப்போது டைமிங் செயின் நீண்டிருக்கும், எஞ்சினைப் பிரித்தால் 28,000 ஆகும் என்கிறார்கள். கழற்றிய சென்சாரைக் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அது எஞ்சினில் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நம்பிக் கொடுக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம்.

பி0011 சென்சார் கெட்டதைச் சொல்லும் குறியீடே அல்ல. இன்டேக் கேம், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தண்டு, எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட கோணத்தைவிட முன்னால் போய் நின்றுகொண்டு திரும்பி வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். கேம் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதே அந்தச் சென்சார்தான். அது செத்திருந்தாலோ அதன் வயர் அறுந்திருந்தாலோ பி0340 வந்திருக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டு கிராங்க்; அதன் சென்சார் பக்கம் கோளாறு என்றால் பி0335. இந்த இரண்டு தண்டுகளையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டு கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகாமல் நின்றால் பெரும்பாலும் பி0016 வரும். ஆகவே இரண்டாம் முறை வந்த எண் என்ன என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். அதே பி0011 என்றால், உங்களிடம் வாங்கிய 4,200-க்கும் நோய்க்கும் சம்பந்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் எஞ்சினில் இன்டேக் கேமை முன்னும் பின்னும் திருப்புவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். எவ்வளவு ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது ஆயில் கண்ட்ரோல் வால்வு. ஆயில் கறுத்துக் கெட்டியானால் அதன் கசடு வால்வில் சிக்கும். கேம் முன்னால் போன இடத்திலேயே நின்றுவிடும். இந்த 1.8 எஞ்சினில், அதுவும் ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில், ஆயில் குடிக்கும் குறை பலரும் அறிந்தது. அதனால் எதைத் தொடுவதற்கும் முன் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தாலோ தார் மாதிரி இருந்தாலோ ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு, சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

இடம் கேட்டீர்கள். பானெட்டைத் திறந்து காருக்கு முன்னால் நின்றால் பெல்ட்டும் புல்லிகளும் உங்கள் இடப்பக்கம், கியர் பாக்ஸ் வலப்பக்கம். கேம் சென்சார் மேலே, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்கத்து முனையில் இருக்கும். ஒரே போல்ட், ஒரு கப்ளர் (வயர் செருகி), அவ்வளவுதான். கிராங்க் சென்சார் கீழே, கிராங்க் புல்லியை ஒட்டி செயின் கவரில். ஆயில் கண்ட்ரோல் வால்வு மேலே ஹெட்டிலேயே, ஆனால் செயின் பக்கம். வேறு கார்களில் கிராங்க் சென்சார் கியர் பாக்ஸை ஒட்டிய ஃப்ளைவீல் பக்கம் இருப்பதும் உண்டு. இந்தக் கணக்கை எல்லா வண்டிக்கும் போடக்கூடாது. ஸ்கேனரில் 'பேங்க் 1' என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருக்கும் எஞ்சினில் ஒரு பேங்க்தான்.

வால்வைச் சோதிப்பது பெரிய வேலை இல்லை. கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 20 டிகிரி வெப்பத்தில் 6.9 முதல் 7.9 ஓம் வரை காட்ட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் சற்றுக் கூடும். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, வால்வுக்கு நேராக பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்தால் எஞ்சின் தடுமாற வேண்டும், அல்லது நின்றே போக வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வால்வைக் கழற்றிப் பார்க்கலாம். அதற்கு ஆயில் போகும் வழியில் ஒரு சின்ன வலை ஃபில்டர் உண்டு. அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பல ஒர்க்‌ஷாப்களில் அதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் செயின் மீதே சந்தேகம் என்றால், எஞ்சினின் மேல் மூடியான வால்வ் கவரை மட்டும் கழற்றி, கிராங்க் புல்லியின் குறியை 0-இல் நிறுத்தி, மேலே கேம் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) குறிகள் நேராக நிற்கின்றனவா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் 28,000 கேட்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கொடுத்த பணத்தைப் பற்றி: பில்லில் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். தவறான கண்டுபிடிப்புக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தரும்படி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். வேறொரு மெக்கானிக் அந்தச் சென்சாரில் குறை இருந்திருக்காது என்று எழுதித் தந்தால் உங்கள் பக்கம் பலமாகும். இனி வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் 'பழைய பாகம் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதவைத்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். போனோடு இணைக்கும் சின்ன ஸ்கேனர் கருவி போதுமா?
- வாசகி, மதுரை

பதில்: போதும், ஆனால் வண்டி எந்த வருடம் என்று பாருங்கள். நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி-2, அதாவது வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் பொது முறை, கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டிகள் சில இந்தக் கருவியோடு பேசாது.

கருவியை எடுக்கும் முன் சாவியை ஆன் செய்து, எஞ்சினைக் கிளப்பாமல் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் விளக்கில் யாரோ கை வைத்திருக்கலாம். அடுத்து, ஆப்பில் 'ரெடினெஸ்' என்ற பக்கத்தைத் திறங்கள். வண்டி தானாகச் செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். பல சோதனைகள் முடியாமல் நின்றால் குறியீட்டைச் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காமல், இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு மறுபடி காட்டும்படி கேளுங்கள்.