அட்லஸ்ல கோடு இருக்கு, வருஷம் இல்ல

இந்த வாரம் பக்கம் முழுக்க ஒரே ஆளுக்குத்தான். காலேஜ்ல ஜியாக்ரஃபி முதல் வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி ஏழு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்கா, பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. அதுல இருக்குற கேள்விகள மட்டும் பிரிச்சு எடுத்து பதில் சொல்லியிருக்கேன். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க கேள்வி எல்லாம் அடுத்த வாரம் வரும்.

கேள்வி: அக்கா, கிளாஸ்ல ஒரு அசைன்மென்ட் குடுத்தாங்க. உலக மேப்ல தலைக்கு எவ்ளோ வருமானம்னு பாத்து நாடு நாடா கலர் அடிக்கணும், பணக்கார நாட்டுக்குக் கரும்பச்சை, ஏழை நாட்டுக்கு மஞ்சள். முடிச்சுட்டு கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாத்தா பூமத்திய ரேகைய ஒட்டி ஒரே மஞ்சளா இருக்கு, மஞ்சள் பென்சில் மட்டும் பாதியா தேஞ்சு போச்சு. அப்போ ஒருத்தர் எங்க பொறக்குறாங்கன்றதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுதா? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

பதில்: தேஞ்ச பென்சில பத்தி நீ எழுதினத நான் ரெண்டு மூணு தடவ படிச்சேம்மா. உன் கேள்விக்கு நேர் பதில், பெரும்பங்கு ஆமாம்தான். பிராங்கோ மிலனோவிச்னு ஒரு பொருளாதார நிபுணர் உலகம் முழுக்க வருமானக் கணக்க எடுத்துப் பாத்தாரு, ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல பாதிக்கு மேல எந்த நாட்டுல இருக்காங்கன்றதுலயே அடங்கிடுதுன்னு சொல்றாரு. உழைப்பு, படிப்பு, அதிர்ஷ்டம் எல்லாம் மிச்சம் இருக்குறதுக்குள்ளதான் விளையாடணும்.

ஆனா 'எந்த நாடு'ன்றதும் 'எந்த மண்'ன்றதும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத. மண்ணுக்கும் பங்கு இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். கடல் இல்லாத வளரும் நாடுகள்னு ஐ.நா. 32 நாட்ட வெச்சிருக்கு, அதுல 16 ஆப்பிரிக்காவுல. துறைமுகத்துக்குப் போகணும்னா பக்கத்து நாட்டு ரோட்டையும் பக்கத்து நாட்டு கஸ்டம்ஸையும் நம்பித்தான் இருக்கணும், ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அந்த செலவு ஏறும். மலேரியாவால வருஷத்துக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேர் சாகுறாங்க, அதுல நூத்துக்கு 95 பேர் ஆப்பிரிக்கப் பகுதியில, பெரும்பாலும் அஞ்சு வயசு கூட ஆகாத பிள்ளைங்க. இதெல்லாம் நிஜமான பாரம். ஆனா சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்ல. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒண்ணேகால் டிகிரி மேல இருக்கு, எண்ணெய்க் கிணறும் இல்ல, சுரங்கமும் இல்ல, உன் மேப்ல பெருசாக்கிப் பாத்தாத்தான் தெரியும், ஆனா கரும்பச்சை.

இப்போ அட்லஸ்ல கரீபியன் பக்கத்தத் திற. ஹிஸ்பானியோலான்னு ஒரு தீவு, நடுவுல மேல இருந்து கீழ ஒரு கோடு, மேற்குல ஹைட்டி, கிழக்குல டொமினிகன் குடியரசு. ஒரே தீவு, ஒரே புயல். மழை கிழக்குப் பக்கம் கொஞ்சம் அதிகம், மலை மறைக்கிறதால மேற்குக்குக் குறைவு, அதையும் கணக்குல எடுத்துக்கோ. இருந்தாலும் தலைக்கு வருமானம் கிழக்குல குறைஞ்சது அஞ்சு மடங்கு, மழை மட்டும் அவ்ளோ பெரிய வித்தியாசத்தக் கொண்டு வராது.

ஹைட்டி 1804ல விடுதலை ஆச்சு, அடிமைகளா இருந்தவங்களே சண்ட போட்டு பிரான்ஸ விரட்டி தனி நாடு ஆக்கினாங்க. 1825ல பிரான்ஸ் ராஜா பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்கள அனுப்பி, எங்க தோட்டக்காரங்க இழந்த சொத்துக்கு 15 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு குடுத்தாத்தான் உங்கள நாடுன்னு ஏத்துக்குவோம்னு சொன்னாரு. அந்த 'சொத்து'ல மனுஷங்களும் சேர்த்தி. அதாவது அடிமையா இருந்தவங்க தங்களுக்கான விலைய, முன்னாடி தங்கள வெச்சிருந்தவங்களுக்கே கட்டணும். மொத தவணை கட்டவே காசு இல்லாம பாரிஸ் பேங்க்ல கடன் வாங்கினாங்க. 1838ல மொத்தத் தொகைய 9 கோடியா குறைச்சாங்க, ஆனா அதுக்காக வாங்கின கடன், அதுக்கு வட்டி, அத அடைக்க இன்னொரு கடன்னு போய் கடைசி பாக்கி முடிஞ்சது 1947ல. நூத்தி இருபத்திரெண்டு வருஷம். அந்தக் காசுல கட்டியிருக்க வேண்டிய பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி எதுவும் உன் மேப்ல தெரியாது, அங்க நீ அடிச்ச மஞ்சள் மட்டும் தெரியும். பின்னாடி வந்த சர்வாதிகாரிங்க, 1915ல இருந்து 1934 வரைக்கும் அங்க உக்காந்திருந்த அமெரிக்கப் படை, இவங்க செஞ்சதும் இருக்கு. ஆனா ஆரம்பமே கடனோட ஆரம்பிச்ச நாடு அது.

கேள்வி: டிரேசிங் பேப்பர்ல கிரீன்லாந்த வரஞ்சு எடுத்து ஆப்பிரிக்கா மேல வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ் வருது. புக்ல இருக்குற பரப்பளவு வேற சொல்லுது. எது பொய்?

பதில்: நீயே வெச்சுப் பாத்த பாரு, அதுக்கே உனக்கு ஒரு பாராட்டு. புக்குல இருக்குற நம்பர்தான் சரி. கிரீன்லாந்து சுமார் 21 லட்சத்து 66 ஆயிரம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா 3 கோடிக்கு மேல, அதாவது ஆப்பிரிக்காவுக்குள்ள 14 கிரீன்லாந்து போகும்.

உங்க கிளாஸ்ல குடுத்தது மெர்கேட்டர் மேப்பா இருக்கும். 1569ல கெரார்டஸ் மெர்கேட்டர் கப்பல்காரங்களுக்காகப் போட்டது. காம்பஸ்ல ஒரு திசைய வெச்சுக்கிட்டு அப்படியே போனா அந்தப் பாதை மேப்ல நேர்கோடா வரணும், அதுதான் அவருக்கு வேணும். அதுக்கு துருவத்த நோக்கிப் போகப் போக நிலத்த இழுத்துக்கிட்டே போகணும். அவர் யாரையும் ஏமாத்தல, கடல்ல போறவனுக்குப் போட்ட மேப்ப நாமதான் கிளாஸ் சுவத்துல மாட்டி வெச்சுக்கிட்டோம். அதனால ஐரோப்பாவும் ரஷ்யாவும் கனடாவும் ஊதிப் போய் நிக்குது, ஆப்பிரிக்கா சுருங்கிப் போச்சு, சின்ன வயசுல இருந்து அதையே பாத்து வளந்தா மனசுலயும் அந்த அளவுதான் பதியும். 1973ல ஆர்னோ பீட்டர்ஸ் பரப்பளவ சரியா காட்டுற மேப்ப பிரபலப்படுத்தினாரு, 2017ல பாஸ்டன் அரசுப் பள்ளிகள் அத வாங்கி மாட்டினாங்க. அதுல நாடுங்களோட வடிவம் நீட்டி விட்ட மாதிரி இருக்கும், எனக்கு அது புடிக்காது. 2018ல வந்த ஈக்குவல் எர்த்னு ஒரு மேப் இருக்கு, பரப்பளவும் சரி, பாக்கவும் கண்ணுக்கு நல்லா இருக்கும், கலர் அடிக்க அத எடுத்துக்கோ.

கேள்வி: என்கூட படிக்கிற பையன் ஒருத்தன், வெயில் நாட்டுக்காரங்க சோம்பேறி, அதனாலதான் ஏழைன்னு சொன்னான். எனக்கு பதில் சொல்லத் தெரியாம கோவம்தான் வந்துச்சு.

பதில்: கோவம் வந்தது சரிதான். கோகோ தோட்டத்துலயும் சுரங்கத்துலயும் வெயில்ல நாள் முழுக்க நிக்கிறவங்க யாருன்னு அவன கேளு. உலகத்துக் கோகோல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட்டும் கானாவும்தான் விளைவிக்குது, சாக்லேட் விக்கிற காசுல பெரிய பங்கு அங்க நிக்கிறதில்ல. இந்த சோம்பேறிக் கதைய ரொம்ப காலம் சொல்லிக்கிட்டு இருந்தது, அடுத்தவன் உழைப்புல உக்காந்து சாப்பிட்டவங்கதான்.

கேள்வி: காங்கோவுல அவ்ளோ கனிமம் இருக்குன்னு படிச்சேன், அப்புறம் ஏன் மஞ்சள்?

பதில்: உலகத்துல தோண்டி எடுக்குற கோபால்ட்ல ஏறக்குறைய நூத்துக்கு 70 பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசுல இருந்துதான் வருது. போன் பேட்டரி, கார் பேட்டரி எல்லாத்துலயும் போகுது. ஆனா அங்க அஞ்சுல ஒருத்தர் வீட்டுலதான் கரண்ட் இருக்கு, இது எழுதும்போதே எனக்குக் கை நின்னுடுச்சு. மண்ண தோண்டி எடுக்குறதுல கெடைக்குற காசு கம்மி. அத சுத்தம் பண்றது, பேட்டரி ஆக்குறது, வண்டி ஆக்குறதுன்னு ஒவ்வொரு படியிலயும் காசு கூடும், அந்தப் படி எல்லாம் வேற நாட்டுல இருக்கு, சுத்தம் பண்ற வேலை பெரும்பாலும் சீனாவுல. முன்னாடி ரப்பருக்கும் இதே கதிதான். 1885ல இருந்து 1908 வரைக்கும் அந்த நாடு பெல்ஜியம் ராஜா இரண்டாம் லியோபோல்டோட சொந்த சொத்து, ஒரு நாடே ஒரு ஆளுக்கு! ரப்பர் அளவு குறைஞ்சா கைய வெட்டினாங்க. 1960ல சுதந்திரம் வந்துச்சு, அடுத்த ஜனவரியே மொத பிரதமர் லுமும்பாவ கொன்னுட்டாங்க.

இதுக்குப் பக்கத்துல போட்ஸ்வானாவ வெச்சுப் பாரு. கடல் கிடையாது, பாதிக்கு மேல கலஹாரி பாலைவனம், 1966ல சுதந்திரம் வாங்கும்போது நாடு முழுக்க 12 கிலோமீட்டர்தான் தார் ரோடு. அடுத்த வருஷமே ஒராபாவுல வைரம் கெடச்சுது. அது அதிபர் செரெட்சே காமாவோட சொந்த இனக்குழு நிலம். பழைய வழக்கப்படி அது அந்தக் குழுவுக்கே போயிருக்கும், அவர் 1967ல சட்டம் போட்டு கனிமம் மொத்தமும் நாட்டுக்குன்னு ஆக்கிட்டாரு. அப்புறம் வைரக் கம்பெனியோட பேசிப் பேசி பாதிக்குப் பாதி பங்கு வாங்கினாங்க, அந்தக் காசு ரோடாச்சு, ஸ்கூலாச்சு. இன்னைக்கு அது உயர் நடுத்தர வருமான நாடு. உள்ளுக்குள்ள ஏத்தத்தாழ்வு இன்னும் ரொம்ப மோசம்தான், அதையும் மறைக்கக் கூடாது. ஆனா வைரம் கெடைக்கிறதுக்கு முன்னாடியே வெள்ளக்காரங்க போயிட்டாங்கன்றதும், கெடச்ச உடனே அது யாருக்குன்னு ஒரு ஆள் நேர்மையா முடிவு பண்ணாருன்றதும்தான் இந்தக் கதையோட உயிர்.

கேள்வி: பூகம்பம், புயல் எல்லாம் பணக்காரன் ஏழைன்னு பாக்காதுதானே அக்கா?

பதில்: பூமி பாக்காது, கட்டடம் பாக்கும். 2010 ஜனவரி 12, ஹைட்டியில 7.0 அளவு பூகம்பம். பிப்ரவரி 27, சிலியில 8.8. சிலியோடதுல வெளிவந்த சக்தி சுமார் 500 மடங்கு. சிலியில செத்தவங்க 500 பேருக்குக் கொஞ்சம் மேல, ஹைட்டியில லட்சக்கணக்குல. ஹைட்டியில மையம் தலைநகரத்துல இருந்து 25 கிலோமீட்டர்தான், சிலியில கடல்ல இருந்துச்சு, அந்த வித்தியாசமும் இருக்கு. ஆனா சிலி 1960ல 9.5 பூகம்பத்த பாத்த நாடு, பதிவானதுலயே பெருசு அதுதான், அதுக்கப்புறம் கட்டட விதிய இறுக்கிக்கிட்டே வந்தாங்க, கம்பி எவ்ளோ, தூண் எப்படின்னு செக் பண்ண ஆள் இருந்துச்சு. ஹைட்டியில பள்ளிக்கூடம் கூட கம்பி பத்தாத காங்கிரீட். 1825ல இருந்து கட்டின கடன இங்க ஒரு தடவ நெனச்சுப் பாரு.

கேள்வி: ஆப்பிரிக்காவுல நேர் நேரா கோடு இருக்கே, அதெல்லாம் பெர்லின் மாநாட்டுல ஸ்கேல் வெச்சுப் போட்டதுதானா?

பதில்: அப்படித்தான் சொல்லுவாங்க, முழுசா சரி கிடையாது. 1884 நவம்பர்ல ஆரம்பிச்சு 1885 பிப்ரவரி வரைக்கும் ஆப்பிரிக்காவுல யார் எப்படி இடம் பிடிக்கலாம்னு 14 நாடு பெர்லின்ல உக்காந்து பேசினாங்க, ஒரு ஆப்பிரிக்கர் கூட அங்க இல்ல. அங்க போட்டது பெரும்பாலும் விதிமுறை, கோடு எல்லாம் பின்னாடி ஒவ்வொரு ஒப்பந்தமா வந்துச்சு. 1914க்குள்ள எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர எல்லாம் ஐரோப்பாக்காரங்க கைக்குப் போச்சு. 1964ல கெய்ரோவுல ஆப்பிரிக்க நாடுகளே கூடி, இந்தக் கோட்ட மாத்தப் போனா சண்டைக்கு முடிவே இருக்காதுன்னு அப்படியே ஏத்துக்கிட்டாங்க.

கேள்வி: படிக்கப் படிக்க மனசு கனமா இருக்கு. இத படிச்சு நான் என்ன செய்யப் போறேன்?

பதில்: கனமா இருக்கத்தான் செய்யும்மா, எனக்கும் இருக்கு. ஆனா இந்தக் கணக்கையும் பக்கத்துல எழுதி வெச்சுக்கோ. 1990ல உலகத்துல அஞ்சு வயசுக்குள்ள செத்துப் போன குழந்தைங்க 1 கோடியே 25 லட்சத்துக்கும் மேல. 2022ல 49 லட்சம். தடுப்பூசி, கொசுவலை, உப்பு சக்கரை கலந்த தண்ணி, படிச்ச அம்மாக்கள், இப்படி சின்னச் சின்ன விஷயத்தால கொறஞ்சது, அதுவும் உன் மஞ்சள் நாடுகள்லதான் அதிகமா கொறஞ்சது. 49 லட்சம் இன்னும் தாங்க முடியாத நம்பர்தான்.

அப்புறம் அந்த மேப்ப தூக்கிப் போடாத, கலர் மேலயே பென்சில்ல வருஷம் எழுத ஆரம்பி. ஹைட்டி மேல 1825. கொரியா நடுவுல 1945, அந்த ஆகஸ்ட்ல ரெண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிங்க ராத்திரியில ஒரு மேப்ப விரிச்சு 38வது அட்சக்கோட்டுல பிரிச்சாங்க, 1953ல சண்ட நின்னப்போ கொஞ்சம் அங்க இங்க நகந்துச்சு. இப்போ ராத்திரி சாட்டிலைட் படத்துல தெற்கு முழுக்க வெளிச்சம், வடக்கு இருட்டு. பொலிவியாவுக்கு வந்தா கடல் இல்லாத நாடுன்னு அட்லஸ் போட்டிருக்கும், அங்க 1879ன்னு எழுது. அந்த வருஷம் சிலியோட ஆரம்பிச்ச சண்டையிலதான் கடற்கரை போச்சு, 1904ல கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாங்க. இன்னைக்கும் அவங்க கடற்படை வெச்சிருக்காங்க, டிட்டிகாக்கா ஏரியில பயிற்சி எடுக்குறாங்க, வருஷா வருஷம் மார்ச் 23ல கடல் தினம் கொண்டாடுறாங்க.