கதைகளை வாசித்துப் பதிவேற்றுவது – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

யூடியூபில் தமிழ்ச் சிறுகதைகளை முழுமையாக வாசித்துப் பதிவேற்றி வருகிறேன். எழுதியவர் பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எனக்கு வருமானம் ஏதுமில்லை. கேட்பவர்களில் பார்வையற்றவர்களும் உண்டு. அண்மையில் ஒரு பதிப்பகம் சில பதிவுகளை நீக்கும்படி எழுதியிருக்கிறது. எந்தப் படைப்பிலும் பத்து சதவீதம் வரை எடுத்தாளலாம் என்கிறார்களே, அது உண்மையா? உங்கள் கதைகள் சிலவற்றையும் வாசித்திருக்கிறேன்.

ச., கோவை

அன்புள்ள ச.,

அக்கதைகளின் ஒலி உரிமை அந்தப் பதிப்பகத்திடம் இருக்குமானால், அவர்கள் கேட்பது நியாயமே. ஒரு படைப்பை ஒலிப்பதிவாக்குவதும் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதும் உரிமையாளருக்கு மட்டுமே உரியவை என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. பெயர் சொல்வது மரியாதை, அது அனுமதியாகிவிடாது. வருமானம் இல்லை என்பதும் தன்னளவில் விலக்கு அளிப்பதில்லை.

பத்து சதவீதம் என்ற கணக்கு நம் சட்டத்தில் எங்கும் இல்லை. தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று 52ஆம் பிரிவு அனுமதிக்கிறதே தவிர, அந்த அளவை எண்ணால் வரையறுக்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடையொன்று, பாடப்பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதற்காக மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே அளவுகோல் என்று டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு 2016இல் கூறியது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆனால் அது கற்பித்தலுக்கான விலக்கு. உங்களுக்குப் பொருந்தக்கூடியது, வெளியான இலக்கியப் படைப்பின் நியாயமான ஒரு பகுதியைப் பொதுவில் வாசிக்கலாம் என்ற விலக்கே. முழுக் கதை 'பகுதி' ஆகாது. தொகுப்பில் பதினைந்து கதைகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனிப் படைப்புதான்.

பார்வையற்றவர்களைப் பற்றி நீங்கள் எழுதியது முக்கியமானது. அவர்கள் படைப்பை அணுகுவதற்கேற்ற வடிவில் பிரதி செய்துகொடுப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. லாப நோக்கமில்லாமல், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் போய்ச்சேரும்படி அதைச் செய்ய வேண்டும். எல்லோரும் கேட்கும் யூடியூப் பதிவுக்கு அந்த விலக்கைக் காட்ட முடியாது. இதற்கென்று தனியாக ஓர் அமைப்பின் வழியாகச் செயல்பட்டீர்களானால், சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். அதை நீங்கள் செய்ய வேண்டும் என்றே விரும்புகிறேன்.

அனுமதியே தேவைப்படாத கதைகளும் ஏராளமாக உண்டு. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். எனவே 2008 இறுதியோடு அவர் கதைகள் பொதுவுடைமை ஆகிவிட்டன. 2015இல் மறைந்த ஜெயகாந்தனின் கதைகளுக்கோ 2075 முடிய வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கு இந்தக் கணக்குகூட வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மூல ஆசிரியர் மறைந்து நூறாண்டு ஆகியிருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. ருஷ்யக் கதைகளை வாசிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

மற்றவற்றுக்கு எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். முதலில் எழுத்தாளரிடமே கேளுங்கள். தமிழில் அச்சுக்கு மட்டும் உரிமை கொடுத்து, ஒலி உரிமையைத் தம்மிடமே வைத்திருப்பவர்கள் பலர். வாசிக்கும்போது கதையைச் சுருக்கவோ முடிவை மாற்றவோ செய்யாதீர்கள். உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பு சிதைக்கப்பட்டால் தடுக்கும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஆசிரியருக்கு உண்டு.

என் முதல் தொகுப்பின் கதைகளை நீங்கள் முழுமையாக வாசித்துப் பதிவேற்றலாம். இதையே என் எழுத்துமூலமான அனுமதியாகக் கொள்ளுங்கள். இரண்டாம் தொகுப்பின் ஒலி உரிமையை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து வாசித்தவற்றை அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள்.