பாஸ்டனுக்கு வந்த ஐரிஷ் கொல்லரின் பிறப்புப் பதிவு

அமெரிக்காவின் பாஸ்டனுக்கு வந்த ஐரிஷ் கொல்லர் சலிவன், உங்கள் கணவரின் கொள்ளுத்தாத்தா; அவருடைய பிறப்புப் பதிவை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 1832-இல் அயர்லாந்தில் பிறந்தவருக்கு அரசுப் பிறப்புச் சான்றிதழே இருக்காது. எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியது 1864-இல்தான். அவர் கத்தோலிக்கர் என்கிறீர்கள். அப்படியென்றால் தேட வேண்டியது ஞானஸ்நானப் பதிவேட்டை. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

ஆனால் எந்தப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) என்று தெரியாமல் அதில் இறங்கினால் தலை சுற்றிவிடும். முதலில் பாஸ்டன் பக்கம் தேடுங்கள்: தேவாலயத் திருமணப் பதிவு, கல்லறைக் கல், பிள்ளைகளின் ஞானஸ்நானம். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார்கள். அப்புறம், 'பாஸ்டன் பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, தொடர்பு விட்டுப்போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. சொந்த ஊர், பங்கு, சில சமயம் தொழில்கூட அதில் இருக்கும். அண்ணனைத் தேடி ஒரு தங்கை கொடுத்த நாலு வரியைப் படித்தாலே மனம் கனத்துவிடும்.

குடும்பப் பெயரைச் சலிவன் என்று மட்டும் தேடியிருந்தால், ஓ'சலிவன் என்றும் பாருங்கள். அந்த 'ஓ'வைப் பலர் விட்டுவிட்டார்கள்.

1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்ப வேண்டாம். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் பெரும்பகுதி போய்விட்டது. மேற்கு அயர்லாந்தில் சில பங்குகளின் ஞானஸ்நான ஏடுகள் 1832-க்குப் பிறகே தொடங்குகின்றன; அதனால் அவருடைய பதிவு கிடைக்காமலும் போகலாம்.