மாவு ஏன் பானை நிறைய வரவில்லை?

கேள்வி: வேலை போய்விட்டது, கையிருப்பும் கரைகிறது. எலியா தீர்க்கதரிசியைப் பஞ்சத்தில் போஷித்த கர்த்தர் என்னை மட்டும் ஏன் இழுபறியில் வைத்திருக்கிறார்? என் விசுவாசம் குறைவா?

பதில்: இல்லை, சகோதரி. வேதத்தில் 1 இராஜாக்கள் 17-ஐ மறுபடி நிதானமாகப் படியுங்கள். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த அதே கேரீத் ஆறு, மழையில்லாமல் வற்றித்தான் போனது. எலியா கீழ்ப்படிந்துதான் அங்கே இருந்தார். அப்புறம் அவரை அனுப்பிய இடம் சீதோனைச் சேர்ந்த சாறிபாத். எலியாவுக்கு எதிரியான ராணி யேசபேலின் தகப்பன் ஆண்ட நாடு அது! அங்கே ஒரு விதவை, கடைசி அடையைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னை எப்போதும் நிறுத்துகிற இடம் இதுதான்: அவள் பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. எலியா சொன்னபடியே மா தீரவில்லை, எண்ணெய் குறையவில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் பானைக்குள் கையை விட்டுத்தான் அவள் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற உணவும் அப்படித்தான், அன்றன்றைக்கு உரியது. ஓய்வுநாளுக்காக எடுத்துவைத்ததைத் தவிர, மறுநாளுக்கு மீத்து வைத்தது புழுத்துப்போனது. ஆகவே இழுபறியை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? 2 இராஜாக்கள் 4-இல் கடன்பட்ட விதவை தன் நிலையை எலிசா தீர்க்கதரிசியிடம் மறைக்கவில்லை. அயல்வீட்டாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கவும் அவள் தயங்கவில்லை. நீங்களும் உங்கள் போதகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ இந்த வாரமே நிலைமையைச் சொல்லுங்கள்.